டான்சிலை ஏன் எடுத்தார்கள்?

என் தொண்டையிலிருந்து அறுத்தெடுத்த இரண்டு சதைத் துண்டுகளை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். 1962-ஆம் வருஷம் மே மாதம், பள்ளிக்கூடம் அடைத்திருந்த கோடை விடுமுறையில், வைகைக்கு வடகரையில், இன்று ராஜாஜி மருத்துவமனை என்று வழங்குவதும் மதுரை ஜனங்கள் அன்றும் இன்றும் பெரியாஸ்பத்திரி என்றே சொல்வதுமான எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், எட்டு வயதுப் பையனாக நான் படுத்திருந்தபோது, நர்ஸம்மா ஒருத்தி வாயகன்ற கண்ணாடிக் குப்பி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுதாண்டா உன்னைப் படுத்தினது" என்று காட்டினாள். நாவற்பழ அளவில், வெளிறிய ரோஜா நிறத்தில், மேலெல்லாம் ஊசி குத்தியதுபோல் சிறு சிறு குழிகள் விழுந்து, அவை இரண்டும் குப்பியின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அந்தக் காட்சி என் ஞாபகத்தைவிட்டு இன்றளவும் அகலவில்லை.

அதற்கு முந்தைய மூன்று வருஷமும் மாதம் தவறாமல் எனக்குக் காய்ச்சல் வரும். முதல்நாள் சாயங்காலம் காதுக்குக் கீழே நெறி கட்டும். மறுநாள் காலையில் எச்சில் விழுங்கினால் முள் குத்தினாற்போல் இருக்கும். உள்நாக்கு விழுந்துவிட்டது என்று பாட்டி நிச்சயம் செய்துகொண்டு, மிளகைப் பொடித்துத் தேனில் குழைத்து விரலால் உள்ளே தடவுவாள்; வெளியே கழுத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துப் பற்றுப் போடுவாள். உள்நாக்கு என்பது வேறு, அதற்கு இருபுறமும் காவலாளிபோல் நிற்கும் டான்சில் என்பது வேறு என்ற பேதம் எங்கள் தெருவில் அக்காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டியின் வைத்தியத்துக்கும் டாக்டரின் பெனிசிலினுக்கும் தற்காலிகமாகக் கட்டுப்பட்டு, பிறகு மீண்டும் தலைதூக்கிய அந்த வியாதியின் காரணமாக மூன்றாம் வகுப்பில் பாதி நாட்கள் நான் பள்ளிக்குப் போகாமலே கழிந்தன என்பதால்தான், ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கிய என் தகப்பனார் இறுதியில் சம்மதித்தார்.

மெல்லிய துணி போர்த்திய கம்பிக் கூடை போன்ற ஒன்றை மூக்கின்மேல் கவிழ்த்து, ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்கள். ஏழோ எட்டோ எண்ணியது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது தொண்டை முழுவதும் தணலாக இருந்தது. அன்றிரவு என் தாயாருக்கு அந்த நர்ஸம்மா ஒரு காரியத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாள்: "பையன் தூக்கத்தில் அடிக்கடி எதையாவது விழுங்குகிற மாதிரி தொண்டையை அசைத்தால் உடனே வந்து சொல்லுங்கள், ரத்தம் கசிந்தால் வெளியே தெரியாது, உள்ளேயே விழுங்கிக்கொண்டிருப்பான்." எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார், அரிக்கேன் விளக்கை என் கழுத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, விடியும்வரை என் தொண்டைக் குழியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பத்து நாட்கள் வெள்ளைப் படலம் படிந்திருந்து உதிர்ந்த பிறகு, அந்த இரண்டு இடங்களிலும் வழவழப்பான இரண்டு குழிகள் மாத்திரம் மிஞ்சின. காய்ச்சலும் நின்றது.

சல்லிக்காசு செலவின்றிச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நடந்த அந்தச் சிகிச்சைக்கும், பிற்காலத்தில் நான் ஜீவனம் நடத்திய தொழிலுக்கும் ஒரு சம்பந்தம் ஏற்படும் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது. 1973-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, இந்தியாவில் இயங்கிவந்த நூற்றுக்கு மேற்பட்ட பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு நான்காகத் தொகுத்தது. அந்த நான்கில் ஒன்றில், 1976-இல், மதுரையிலேயே எனக்குக் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. தீ, லாரி, கப்பல் சரக்கு, மோட்டார் விபத்து என்றே பத்து வருஷம் பைல் புரட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு, 1986-இல் மெடிக்ளெய்ம் என்ற பாலிசி வந்தபோது, மனிதனுடைய உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்கும் படிவத்தைக் கையில் எடுப்பதே ஒரு கூச்சமான அனுபவமாக இருந்தது. அந்தப் புரொபோசல் பாரத்தை எங்களுக்குப் பழக்குவதற்காக எங்கள் மானேஜர் ஒரு யுக்தி செய்தார்: ஆளுக்கொரு பாரத்தைக் கொடுத்து, அவரவர் விவரத்தை அவரவரே நிரப்பி, அலுவலகத்தின் ஆலோசனை வைத்தியராக இருந்த முதியவரிடம் கொடுக்கச் சொன்னார்.

இதற்குமுன் ஏதேனும் ஆபரேஷன் செய்துகொண்டதுண்டா என்ற கட்டத்தில் "1962, டான்சில்" என்று நான் எழுதியிருந்தேன். மற்றவர்களுடைய பாரங்களை ஒரு பார்வையில் தள்ளிவிட்ட டாக்டர், என்னுடையதை நிறுத்திக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் எடுத்தாங்க?" என்று கேட்டார். அடிக்கடி காய்ச்சல் வந்தது என்றேன். "மூட்டு வீங்கினதுண்டா? ஒரு முட்டியில் வீங்கி, அது சரியாகி அடுத்த முட்டிக்குப் போனதுண்டா? மூன்று வாரத்துக்கு ஒருதரம் ஊசி போட்டாங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை என்று நான் சொன்ன பிறகே, பையிலிருந்த சிறு டார்ச்சை எடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பாரத்தின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்துக் கையெழுத்திட்டார்.

எடுத்துவிட்ட சதையைப் பற்றி இன்ஷூரன்ஸ்காரனுக்குக் கவலை கிடையாது. அது இனி நோகாது, செலவும் வைக்காது. ஆனால் அதை எதற்காக எடுத்தார்கள் என்ற காரணம் உடம்பிலேயே தங்கியிருக்கக்கூடும், அதைத்தான் கேட்க வேண்டும் என்று அவர் எங்களுக்கு விளக்கினார். தொண்டையில் தங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி, தொண்டையில் தொடங்கி, வாத ஜுரமாக மூட்டுக்களைத் தொட்டு, கடைசியில் இருதய வால்வைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு டான்சிலை எடுத்துவிடுவது அந்தத் தலைமுறை வைத்தியர்களிடையே வழக்கமாயிருந்தது. ஆகவே, எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு குறையுமில்லாதவர்களாகவும், ஒரு சிலர் மாத்திரம் இருதயத்தில் ரகசியமான சேதத்தைச் சுமப்பவர்களாகவும் இருப்பார்கள். பெரும்பாலோர் என்று அவர் சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. காரணமே போதாமல் டான்சில் எடுத்த காலம் அது. 1934-இல் நியூயார்க்கில் ஆயிரம் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு அறுபத்தொரு பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டிருந்தது. எஞ்சியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எடுக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட மீதிப்பேரை வேறு வைத்தியர்களிடம் அனுப்பியபோது, அவர்களிலும் பாதிப்பேருக்கு எடுக்கவேண்டும் என்றே அபிப்பிராயம் வந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. நோயைக் காட்டிலும் வைத்தியரின் வழக்கமே கத்தியை எடுக்கச் செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

1989-இல் ஒரு ஜவுளி வியாபாரியின் பாரம் என் மேஜைக்கு வந்தது. வயது முப்பத்தெட்டு, நாற்பத்தைந்துக்குக் கீழ் என்பதால் வைத்தியப் பரிசோதனை தேவையில்லை. ஆபரேஷன் கட்டத்தில் "சிறுவயதில் டான்சில்" என்று ஒற்றை வரி. பழைய ஞாபகத்தில் நான் அதை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் வியாபாரியை வரவழைத்து, என்னிடம் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டார். அவர் வேஷ்டியைச் சற்றே உயர்த்தித் தம் முழங்காலைத் தொட்டுக்காட்டி, பன்னிரண்டு வயதில் இரண்டு காலும் மாறிமாறி வீங்கியதையும், வாத ஜுரத்துக்கான பெனிடியூர் ஊசியை மூன்று வாரத்துக்கொருமுறை வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டதையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பரிசோதித்ததில் வால்வு ஒன்று சுருங்கியிருந்தது தெரியவந்தது. இருதய நோய்க்கு மட்டும் பணம் கிடையாது என்ற நிபந்தனையோடு பாலிசி கொடுத்தோம். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசா இது என்று அவர் மனம் நொந்தே போனார். ஆனால் நான்கு வருஷம் கழித்து அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனபோது, ஆஸ்பத்திரி அனுப்பிய காகிதங்களில் அவருடைய வால்வின் கதை முழுக்க எழுதியிருந்தும், அது எங்கள் பைலில் முதல்நாளே இருந்த காரணத்தால், ஒரு கேள்வியும் இல்லாமல் ஒரு வாரத்தில் செக் போயிற்று. அந்த ஒற்றை வரியை அவர் எழுதாமல் விட்டிருந்தால், அந்தக் குடல்வாலுக்கான கிளெய்மை நானே என் கையால் மறுத்துக் குறிப்பெழுதியிருப்பேன்.

அக்கால மெடிக்ளெய்ம் பாலிசியில் டான்சிலுக்கு ஒரு தனி மரியாதையே இருந்தது. இருபத்துநாலு மணிநேரம் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் பணம் என்பது பொது விதி. டயாலிசிஸ், கண் ஆபரேஷன், சிறுநீரகக் கல் உடைப்பது போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க சில சிகிச்சைகளுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தியிருந்தார்கள், அந்தச் சிறு ஜாபிதாவில் டான்சிலும் ஒன்று. முதல் வருஷத்தில் பணம் கிடையாது என்று ஒதுக்கிய கண்புரை, குடலிறக்கம், விரைவீக்கம், மூலம், சைனஸ் முதலியவற்றின் ஜாபிதாவில் அதன் பெயர் கிடையாது. 1999-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்து, தனியார் கம்பெனிகள் நுழைந்து, 2006 முதல் ஆரோக்கியத்துக்கு மட்டுமே என்று தனிக் கம்பெனிகளும் தோன்றிய பிறகு, அந்த ஒதுக்கு ஜாபிதா நீண்டது. ஒரு வருஷம் இரண்டு வருஷமாயிற்று. டான்சில், அடினாய்டு, மூக்குத்தண்டு வளைவு, காதுச் சவ்வு எல்லாம் அதற்குள் வந்துசேர்ந்தன. எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று 2020-இல் ஆணையம் வகுத்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியிலும் டான்சிலுக்கு இருபத்துநாலு மாதக் காத்திருப்பு என்றே அச்சாகியிருக்கிறது.

இதை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். மாரடைப்பு நாள் பார்த்து வருவதில்லை. டான்சில் ஆபரேஷனோ பரீட்சை முடிந்து, லீவு விட்டு, பாட்டி ஊரிலிருந்து வந்து, நல்ல நாள் பார்த்துச் செய்துகொள்ளக் கூடியது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பிறகு பாலிசி எடுத்து, பணம் வாங்கியபின் அதைக் கைவிடுகிறவர்கள் பெருகினால், அந்தச் சுமை ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிறவர்கள் தலையில்தான் விழும். முப்பத்தெட்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு இந்தத் தர்மம் மனப்பாடம். என் பேரனுடைய விஷயத்தில்தான் இந்தத் தர்மத்துக்குள்ளே ஒளிந்திருந்த ஒரு முடிச்சு எனக்குப் புலப்பட்டது.

என் மகன் சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் இருந்தவரையில், அவனுடைய குடும்பம் முழுவதற்கும் கம்பெனியே குரூப் பாலிசி எடுத்திருந்தது. அம்மாதிரிப் பாலிசிகளில் காத்திருப்புக் காலம் ஏதும் வைக்காமல் முதல்நாளிலிருந்தே எல்லாவற்றுக்கும் பணம் தருவதுதான் பொதுவான வழக்கம். 2018 ஜூனில் அவன் வேலையை விட்டுவிட்டு, நண்பர்களோடு சேர்ந்து சிறு கம்பெனி தொடங்கினான். வேலையை விடும்போதே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பித்திருந்தால், கழிந்த வருஷங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. தொழிலில் முழுகியிருந்த அவனும் அதைக் கேட்கவில்லை. ரிடையர் ஆகி நான்கு வருஷமாகியிருந்த நானும் எடுத்துச் சொல்லவில்லை. இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு, ஆகஸ்டில், தொலைபேசியில் கூப்பிட்ட ஒரு பெண்ணிடம் வேறொரு தனியார் கம்பெனியின் பாலிசியை எடுத்தான். யாருக்காவது ஏற்கெனவே வியாதி உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் இல்லை என்று இவன் சொன்னான். அவளே எல்லாக் கட்டங்களிலும் "இல்லை" என்று நிரப்பி அனுப்பினாள். கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க ஓடிபியை இவன் படித்துச் சொன்னான். என் காலத்தில் நீலமைப் பேனாவால் நான்கு பக்கம் எழுதி, ஏஜென்ட் முன்னிலையில் போட்ட கையெழுத்தின் ஸ்தானத்தை அந்த ஆறு இலக்கம் வகித்தது.

பேரனுக்கு அப்போது வயது ஆறு. நான்கு வயதிலிருந்தே அவனுக்கும் அந்தக் காய்ச்சல். ஆன்டிபயாட்டிக் மருந்தை ஒரு வாரம் குடித்தால் அடங்கிவிடும். 2019 செப்டம்பரில், தூக்கத்தில் மூச்சு முட்டுகிறது என்று மருமகள் பயந்துபோய், காது மூக்குத் தொண்டை நிபுணர் ஒருவரிடம் கொண்டுபோனாள். நியூயார்க்கில் 1934-இல் இருந்த அவசரம் இப்போதைய வைத்தியர்களிடம் இல்லை; அந்த நிபுணர் கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை; முதலில் கணக்குத்தான் கேட்டார். ஒரே வருஷத்தில் ஏழு தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருஷம் ஐந்தைந்து தடவை, அல்லது மூன்று வருஷம் மும்மூன்று தடவை தொண்டை அழற்சி வந்திருந்தால்தான் அதற்காக ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம் என்பது, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து ஆராய்ச்சியிலிருந்து உலகமெங்கும் பரவிய அளவுகோல். மருமகள் புத்திசாலி, ஒரு மருந்துச் சீட்டையும் தூர எறியாமல், தேதிவாரியாகப் பிளாஸ்டிக் உறையில் கோத்து வைத்திருந்தாள். இரண்டு வருஷத்தில் பதினொரு சீட்டுக்கள். டாக்டர் அவற்றை மேஜையில் சீட்டாட்டம்போல் பரப்பி எண்ணிப் பார்த்துவிட்டு, எடுத்துவிடுவதே நல்லது என்று தீர்மானித்து, ஆஸ்பத்திரிக் குறிப்பில், "இரண்டு வருஷங்களுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப டான்சில் அழற்சி" என்று எழுதினார்.

என் மனத்தை உறுத்திய முடிச்சு இதுதான். ஆபரேஷன் அவசியமானது என்று வைத்திய சாஸ்திரத்துக்கு நிரூபிக்க வேண்டுமானால், குழந்தை இரண்டு மூன்று வருஷம் கஷ்டப்பட்டதற்குச் சாட்சியம் வேண்டும். அதே சாட்சியம், பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்தது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நிரூபித்துக் கொடுத்துவிடுகிறது. அளவுகோலுக்குக் காத்திராமல் அவசரப்பட்டு அறுப்பவனைச் சாஸ்திரம் கண்டிக்கும்; காத்திருந்து, எண்ணி, நியாயமாக அறுத்துக்கொள்பவனைப் பாலிசி சந்தேகிக்கும். ஒரு குழந்தையின் தொண்டைக்காக இரண்டு வேறு உலகங்கள் எழுதிவைத்த இரண்டு கணக்குகள், ஒன்றையொன்று பார்க்காமலே எழுதப்பட்டவை, ஒரே காகிதத்தின்மேல் வந்து மோதின.

ஆபரேஷனுக்கு முன்தினம் அனுப்பிய கேஷ்லெஸ் விண்ணப்பம் இரண்டு மணிநேரத்தில் திரும்பி வந்தது: பாலிசிக்குப் பதினான்கு மாதமே ஆகியிருக்கிறது, இருபத்துநாலு மாதக் காத்திருப்பு முடியவில்லை. "என்னப்பா, மாசாமாசம் கட்டினதெல்லாம் எதுக்கு?" என்று மகன் கொதித்தான். நான் பாலிசிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அந்த ஜாபிதாவைக் கண்டுபிடித்து, டான்சில் என்ற பெயருக்குக் கீழே பென்சிலால் கோடிட்டு அவனிடம் காட்டினேன். அவன் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. அறுபத்தெட்டாயிரம் ரூபாயைக் கையிலிருந்தே கட்டி ஆபரேஷன் நடந்தது. நடந்த இரவில் மருமகள் தூங்கவில்லை. கருவிகள் எல்லாம் பொருத்தி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தபோதிலும், "மாமா, இவன் விழுங்குற மாதிரி இருக்கா பாருங்க" என்று அவள் என்னை எழுப்பியபோது, அரிக்கேன் வெளிச்சத்தில் குனிந்திருந்த என் தாயாரின் முகத்தை ஐம்பத்தேழு வருஷங்களுக்குப் பிறகு நான் மீண்டும் கண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. பணம் கிடையாது என்பதை நாங்கள் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. ஆனால் அந்தக் கடிதம் அதோடு நிற்காமல், ஆஸ்பத்திரிக் குறிப்பின்படி இரண்டு வருஷத்துக்கு மேலான வியாதியை நீங்கள் மறைத்திருக்கிறீர்கள், ஆகையால் குடும்பத்தின் பாலிசி முழுவதையும் ரத்துசெய்ய உத்தேசித்திருக்கிறோம், பதினைந்து நாளில் சமாதானம் சொல்லவும் என்று கூறியது. உத்தியோகக் காலத்தில் இப்படிப்பட்ட கடிதங்களை எழுதுகிற பக்கத்தில் இருந்தவன் நான். அதைப் பெறுகிற வீட்டில் அது எப்படி ஒலிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். மருமகள் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பொய் சொன்னதாக அதற்குமுன் யாரும் அவளைச் சொன்னதில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து பதில் எழுதினேன். ஆணையத்தின் அன்றைய இலக்கணப்படி, பாலிசிக்கு முந்தைய நாற்பத்தெட்டு மாதங்களுக்குள் வைத்தியர் கண்டறிந்ததோ சிகிச்சை அளித்ததோ, முன்னரே இருந்த நோய். அந்த இலக்கணத்தில் என் பேரனின் தொண்டை அடங்கும் என்பதை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டேன். ஒளிக்க முயன்றிருந்தால் மற்ற வாதங்கள் பலவீனப்பட்டிருக்கும் என்பது ஒருபுறமிருக்க, அது உண்மையும்கூட. அதன்பிறகு, தொலைபேசியில் கேட்ட கேள்விகளில் தொண்டை என்றோ, திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் என்றோ ஒரு சொல்லும் இல்லாததையும், ஒவ்வொரு சீட்டிலும் வைத்தியர் அந்தந்த வேளைக் காய்ச்சலாகவே எழுதியிருப்பதையும், ஆபரேஷன் என்ற யோசனை பாலிசி எடுத்துப் பதின்மூன்று மாதம் கழித்தே முதன்முதலாகச் சொல்லப்பட்டதையும், பதினொரு சீட்டுக்களின் நகலோடு எழுதினேன். அந்தத் தொலைபேசிச் சம்பாஷணையின் பதிவை எங்களுக்கு அனுப்பும்படியும் கேட்டேன். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பிய அந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியை, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனுக்கு அனுப்புவதற்காக, உறையில் இட்டு மேஜையிலேயே வைத்திருந்தேன். அந்த ஏற்பாடு 1998 முதல் நடைமுறையில் உள்ளது. வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் எழுதினால் போதும். உறைக்கு ஸ்டாம்பு ஒட்டும் அவசியம் நேரவில்லை. இருபத்திரண்டாம் நாள், ரத்து யோசனையைக் கைவிட்டதாகவும், டான்சில் ஆபரேஷன் விவரத்தைப் பாலிசியில் குறித்துக்கொண்டதாகவும் இரண்டு வரியில் பதில் வந்தது.

இப்போது, 2024 ஏப்ரல் முதல், முன்னரே இருந்த நோய்க்கான காத்திருப்பை நாற்பத்தெட்டிலிருந்து முப்பத்தாறு மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். விடாமல் ஐந்து வருஷம் புதுப்பித்துவந்த பாலிசியில், மோசடி என்று நிரூபித்தாலன்றி, முன்பு சொல்லாததைக் காட்டிப் பணம் மறுக்கக்கூடாது என்றும் விதி செய்திருக்கிறார்கள். நல்ல மாறுதல்கள். கேள்வியைக் குழந்தையின் தாய்க்குப் புரிகிற பாஷையில் கேட்க வேண்டும் என்ற விதிதான் இன்னும் எந்தத் தாளிலும் என் கண்ணுக்குப் படவில்லை. "முன்னரே இருந்த நோய் உண்டா" என்று கேட்டால், எந்தத் தாயும் தன் குழந்தையின் தொண்டை வலியை நோய் என்று நினைத்துப் பார்க்கமாட்டாள். "போன இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை டாக்டரிடம் போனீர்கள், எதற்காக" என்று கேட்டால், பதினொரு சீட்டையும் எடுத்து வைத்துவிடுவாள்.

2021-இல் மகன் வேறு கம்பெனிக்குப் பாலிசியை மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தான். 2011 முதல் அமலில் உள்ள ஏற்பாட்டின்படி, அன்றைய விதிப்படி புதுப்பிக்கும் தேதிக்கு நாற்பத்தைந்து நாளுக்கு முன்பே விண்ணப்பித்தால், பழைய கம்பெனியில் கழித்த காத்திருப்பு புதிய கம்பெனியில் கணக்காகும். இம்முறை பாரத்தை அவன் என்னிடமே கொடுத்தான். ஆபரேஷன் கட்டத்துக்கு வந்ததும், "அப்பா, இப்பத்தான் டான்சிலே இல்லையே, அதை எதுக்கு எழுதணும்? மறுபடியும் வம்பு" என்றான். ஒரு தடவை சூடுபட்டவனுடைய பயம் அது. அவனை நான் குறைகூறவில்லை. ஜவுளி வியாபாரியின் குடல்வால் கதையை அவனுக்குச் சொல்லிவிட்டு, கட்டத்தில் இடம் போதாமல் தனித்தாளில் எழுதினேன்: "2019 அக்டோபர், டான்சில், அடினாய்டு அகற்றம். காரணம்: இரண்டு வருஷங்களாகத் திரும்பத் திரும்பத் தொண்டை அழற்சி, தூக்கத்தில் மூச்சடைப்பு. மூட்டு வீக்கம், இருதயக் கோளாறு இல்லை. அதன்பின் தொல்லை இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி இணைப்பு." நான்காம் நாள் அந்தக் கம்பெனியின் டாக்டர் ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள், இளம்வயதுக் குரல். எழுதியதைப் படித்துவிட்டே பேசினாள். ஆயினும் மூட்டு எப்போதாவது வீங்கியதா, குறட்டை இப்போது உண்டா, நெஞ்சுக்கு எக்கோ எடுத்தீர்களா என்று வாயாலும் ஒருதரம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். எனக்கு அது எங்கள் பழைய டாக்டரின் குரலாகவே கேட்டது. கூடுதல் பிரீமியம் இல்லாமல், நிபந்தனை இல்லாமல் பாலிசி வந்தது.

அன்று சாயங்காலம் பேரன் அந்தத் தனித்தாளின் நகலை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, கைப்பேசி விளக்கைப் போட்டுக் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றான். "தாத்தா, ரெண்டு பக்கமும் குழியா இருக்கு" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களதையும் காட்டுங்க" என்று வெளிச்சத்தை என் வாய்க்கு நேரே பிடித்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சற்றே சாய்த்து, எங்கள் டாக்டர் முன்னால் திறந்ததுபோல் வாயைத் திறந்தேன். அவன் என் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி உள்ளே பார்த்தான்.